நடுவில் ஒரு பெட்டி

செருப்பைக் கழற்றும்போதே மகளுக்குக் கேட்டது, ஹாலில் அப்பாவின் குரல்.

“ஏம்மா பெட்டி, என் கண்ணாடியைக் காணோமே. எங்கே போய்த் தொலைஞ்சிருக்கும்?”

சமையலறையிலிருந்து அம்மா, “ஜன்னல்ல இருக்குன்னு சொல்லு கண்ணு. எடுத்த இடத்துல வெச்சாத்தானே!”

“கிடைச்சிடுச்சுன்னு சொல்லும்மா பெட்டி.”

அந்தப் பேசும் பெட்டி டி.வி. பக்கத்தில் இருந்தது. மழை வருமா, மணி என்ன, எது கேட்டாலும் பதில் சொல்லும். தனியாக இருக்கிறார்களே என்று மகள்தான் வாங்கிக் கொடுத்திருந்தாள்.

நேராகச் சமையலறைக்குப் போனாள்.

“என்னம்மா நடக்குது இங்கே?”

“பால்கனி ரோஜாச் செடியைக் கேட்காம கொள்ளாம ஒட்ட வெட்டிட்டார். அன்னையிலேர்ந்து அவரோட பேச்சு இல்ல.”

“ஒரு செடிக்காகவா?”

“மொட்டு விட்டிருந்துச்சுடி.”

“அதுக்கு இப்படியா? என்னைக்கூட இப்பல்லாம் நீ கண்ணுன்னு கூப்பிடறதில்ல. அதை மட்டும்...”

“அது எதிர்த்துப் பேசாது.”

மகள் விறுவிறுவென்று ஹாலுக்கு வந்தாள்.

“துணைக்கு இருக்கட்டும்னு வாங்கிக் கொடுத்தேன்ப்பா. நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருக்கறதுக்கு இல்ல. இதை நான் எடுத்துட்டுப் போறேன். அப்பவாவது நேருக்கு நேர் பேசறீங்களான்னு பார்க்கறேன்.”

அப்பாவின் முகம் வாடிவிட்டது.

“வேண்டாம்மா. அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே.”

“நீங்க சும்மா இருங்கப்பா.”

பெட்டியைத் தூக்கினாள். பின்னாலேயே ஒயரும் வந்தது, அதன் முனையில் தூசி படிந்த பிளக்கும்.

அப்பா சட்டென்று செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார்.

மகள் பெட்டியோடு சமையலறைக்கு ஓடினாள்.

“அம்மா, இதுக்குக் கரன்ட்டே இல்லம்மா! பிளக்கையே மாட்டல!”

“ஷ்... மெதுவாப் பேசு.” அம்மா ஹால் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். “உங்கப்பாதான் பிடுங்கிப் போட்டார். நான் எது கேட்டாலும் அவருக்கு முன்னாடி அது பதில் சொல்லிடுதுல்ல, பொறுக்கல. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கார்... போ, இருந்த இடத்துலயே வெச்சுடு கண்ணு.”