கம்பியில் கட்டிய கயிறு

மாரடைப்பு வந்த அப்பாவைச் சுமந்துகொண்டு கட்டில் தானாகவே லிஃப்டுக்குள் போனது. ஐசியூ மூன்றாவது மாடியில். கூட யாரும் ஏறக் கூடாது. யார் கையாவது பட்டால் கட்டில் நகராது.

கதவு மூடியதும் கட்டில் சொன்னது: "கம்பியிலிருந்து கையை எடுங்கள்."

"நாங்கதான் எல்லாரும் வெளிய நிக்கிறோமே, யாரு கைய எடுக்கச் சொல்லுது இது?" என்று நர்ஸ் கத்தினாள்.

கட்டில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னது; லிஃப்டும் கிளம்பவில்லை. ஆக்சிஜன் சிலிண்டரின் முள் இறங்குவதைக் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தபடி நின்றாள் பதினைந்து வயது அமுதினி. கதவை நெம்பித் திறக்க ஒன்பது நிமிடம் ஆனது. அப்பா அதன்பின் கண் திறக்கவே இல்லை.

நள்ளிரவில் ஐசியூ வாசலில் அம்மாவின் மடியில் முகம் புதைத்தாள் அமுதினி.

"மெஷின் கோளாறு இல்லம்மா. மாரியம்மன் கோயில் மஞ்சக் கயித்த தலமாட்டுக் கம்பியில நான்தான் கட்டினேன். உள்ள போனதும் அது நழுவிக் கம்பிய இறுக்கிருச்சு போல, அதப் போயி கைன்னு நெனச்சிருச்சு."

அம்மா அவள் தலையைத் தடவினாள்.

"அழாதடி. கால்மாட்டுல நானும் ஒண்ணு கட்டினேன்."

ஒன்பது நிமிடமும் அந்தக் கட்டிலையே பார்த்து நின்றவள் அமுதினி. கால்மாட்டில் கயிறு எதுவும் இல்லை.

"சரிம்மா" என்றாள்.