உறை உனக்கு

“வாள் எனக்கு. உறை வேணும்னா நீ எடுத்துக்க” என்றான் நீலமேகம், அன்று.

“வெறும் உறைய வச்சிக்கிட்டு நான் என்னண்ணே பண்றது?”

“கொடியிலேர்ந்து துணி எடுக்க வச்சிக்க. பொம்பளப் புள்ளைக்கு வாள் எதுக்கு?”

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் அது. கூடியிருந்த பங்காளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தங்கை அஞ்சுகமும் சிரித்துவைத்தாள். நெரவியில் அப்பா விட்டுப்போன நிலத்தில் தனக்கும் பங்கு வேண்டும் என்று கேட்க வாயெடுத்தவள், அந்தச் சிரிப்போடு சேர்த்து அதையும் விழுங்கிவிட்டாள்.

பதினோரு வருடமாகத் தொண்டையிலேயே நிற்கிறது.

இன்று அதே அண்ணன் கோட்டுச்சேரியில் அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். மடியில் பழைய வேட்டியில் சுற்றிய வாள்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தாத்தா வியட்நாமின் சைகோனிலிருந்து கொண்டுவந்தது. உலகப் போர் முடிவில் சரணடைந்த ஜப்பான்காரனுடையதாம்.

சென்னையில் ஒருவர் பார்த்து மதிப்புச் சொல்லியிருக்கிறார். பிடியில் சுற்றியிருப்பது கயிறே இல்லை, கயிறுபோல வார்த்த அலுமினியம். அதனால் பெரிய அதிகாரியின் வாள் அல்ல. ஹவில்தார்களுக்குத் தொழிற்சாலையில் அடித்துக் கொடுத்தது. பிடியை ஒட்டி அலகில் ஓர் எண் குத்தியிருக்கிறது. அதே எண் உறையின் வாயிலும் இருந்தால்தான் ஜோடி. ஜோடி என்றால் நல்ல விலை. இல்லாவிட்டால் பாதிகூடத் தேறாது.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். அவள் கணவர் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவன், இப்போதும் அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பரண்மேலிருந்து உறையை எடுத்துவந்தாள். தோள் துண்டால் அதை அவன் துடைத்த பக்குவத்தைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“கண்ணாடிய வச்சிட்டு வந்துட்டேன். நீ படி தங்கச்சி. ஆறு ஏழு மூணு ஒண்ணு ரெண்டுன்னு இருக்கணும்.”

அஞ்சுகம் உறையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

“இல்லண்ணே. இது வேற நம்பரு.”

நீலமேகத்தின் முகம் தொங்கிப்போனது. “சே! வண்டிக்கு பெட்ரோல் போட்டதுதான் மிச்சம்” என்று முனகிக்கொண்டே வாளைச் சுருட்டினான். அவள் போட்டுவைத்த காபி ஆடை படிந்து கிடந்தது. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வாசலில் செருப்பைத் தேடினான்.

உறை உதவாது என்றதும் தங்கையும் உதவாதவளாகிவிட்டாள்.

“நில்லுங்க!”

தெருவுக்கே கேட்டிருக்கும். அவன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

“அதே நம்பருதான். பொய் சொன்னேன்.”

ஒரே எட்டில் உள்ளே வந்து கையை நீட்டினான். அவள் உறையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“உக்காந்து காப்பியக் குடிங்கண்ணே. குடிச்சிட்டு, நெரவி நிலத்துல எம் பங்க எழுதிக் குடுங்க.”