நேற்று விட்ட கதவு

"திற, திற!" பல்கலைக்கழக வாசலின் கண்ணாடிக் கதவைச் சுடர்க்கொடி படபடவென்று தட்டினாள். உள்ளே அவளுடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு தொடங்கப் போகிறது.

"உங்கள் மேல் புகை அதிகம். அனுமதி இல்லை," என்றது கதவு, மறுபடியும்.

"சிகரெட்டைத் தொட்டதுகூட இல்லக்கா!" காவலர் ஸ்டெல்லாவிடம் முறையிட்டவள், பைக்கில் கொண்டுவந்து விட்ட கணவனை முறைத்தாள். "இவர் ஊதுறதுதான் என் மேல ஒட்டிக்குது."

"எப்பவும் போல ரெண்டு இழுப்புதானே..." கபிலன் அசடு வழிந்தான்.

"துப்பட்டாவ அவர்கிட்டயே குடுத்துட்டு வாம்மா," என்றாள் ஸ்டெல்லா.

சுடர்க்கொடி அதைச் சுருட்டிக் கணவன் மேல் வீசினாள். கதவு வழிவிட்டது. உள்ளே ஓடியவள் சட்டென்று நின்று திரும்பினாள்.

"நேத்தும் இதே புகையோடதானே வந்தேன்? நேத்து விட்ட கதவு இன்னைக்கு மட்டும் ஏன்க்கா மறிக்குது?"

ஸ்டெல்லா கதவோரக் கணினித் திரையைப் பார்த்தாள். எப்போதும் அதட்டுகிற அந்த முகத்தில் சிரிப்பு பரவியது.

"பெரியவங்களுக்குக் கொஞ்சம் புகைன்னா விட்டுரும். வயித்துப் பிள்ளைன்னா துளிகூட விடாது. நேத்து நீ ஒருத்தியா வந்தே தாயி. இன்னைக்கு ரெண்டு பேருன்னு காட்டுது."