பக்கவாட்டில் போன விளக்கு

மழையில் சிறகு கிழிந்த மின்மினி ஒன்று வரப்போரம் கிடந்தது. அந்த வழியாக வந்த நண்டு, தோல் மக்கி நரம்புவலை மட்டும் மிஞ்சிய ஒரு சொடக்குத் தக்காளிக் கூட்டுக்குள் அதை உட்காரவைத்து, நாரால் தன் நெற்றியில் கட்டிக்கொண்டது.

"இனி நீதான் எனக்கு விளக்கு."

மின்மினிக்குப் பெருமை பிடிபடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு எரிந்தது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் அதற்கு உறைத்தது. வெளிச்சம் முன்னால் விழுகிறது. நண்டோ பக்கவாட்டில், இருட்டுக்குள் நடக்கிறது!

"அண்ணே, நான் உங்களுக்கு வீண் சுமை. இறக்கி விட்டுடுங்க."

"என் வழி என் காலுக்குத் தெரியும் தாயி. நீ வேடிக்கை பாரு."

புளியமரம் வந்ததும் நண்டு நின்று, மரத்துக்கு நேராகத் திரும்பிக்கொண்டது. கிளையெல்லாம் மின்மினியின் சொந்தபந்தம்.

மின்மினி, நண்டிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் சேர்த்து ஒரு தரம் மினுக்கியது.

மரமே பதிலுக்கு மினுக்கியது.