ஒரு சொம்பு பானகம்

மழைக்காக விரதம் தொடங்கி மூன்று நாளும், காலை பத்து மணியானால் வேடியப்பன் மேல் ஆத்தா இறங்கினாள். உடம்பு நடுங்கும், வேர்வை கொட்டும், நாக்கு குழறும். ஒரு சொம்பு வெல்லப் பானகம் கொடுத்தால் மலையேறிவிடுவாள். ஊரே மலைமேல் இருக்க, இன்னும் எங்கே ஏறுவாள் என்று யாரும் கேட்கவில்லை. அவன் கை நடுங்கிய திசையில் போர் போட்டார்கள், தண்ணீர் பீறிட்டது.

நான்காம் நாள் அவன் பெண்சாதி குப்பாயி நீட்டிய சொம்பை ஊர்க்கவுண்டர் பிடுங்கிக்கொண்டார்.

"இரு குப்பாயி. இத்த குடிச்சா ஆத்தா போய்டுவா. மழை எப்பன்னு சொல்லிட்டுப் போவட்டும்."

"மாமா, அவருக்குக் கண்ணு சொருவுதே!"

"முழுசா எறங்குறா! அடிங்கடா உடுக்கைய!"

சத்தம் கேட்டு வந்த நர்ஸ் சரிதா, "காலையில இன்னா சாப்ட்டாரு?" என்றாள்.

"ஒரு பருக்கை தொடல. கடும் விரதம்" என்றார் கவுண்டர்.

"ஆனா நீங்க குடுத்த சக்கர மாத்திரைய மட்டும் ஒரு வேளை வுடலீங்க. நானே ஊட்டிடறேன்" என்றாள் குப்பாயி.

"வெறும் வயித்துலயா? சக்கர எறங்கி ஆளையே கொண்டுபோய்டுமே! குடுங்கய்யா சொம்ப!"

சரிதா சொம்போடு திரும்புவதற்குள் நடுக்கம் நின்றிருந்தது.

அன்றைக்கு ஆத்தா பானகம் குடிக்காமலேயே மலையேறிவிட்டாள்.