விரல் கலங்கக் கூடாது

"இதோ, மறுபடியும் வந்துட்டாரு புது மாப்பிள்ளை!" என்று சிரித்தாள் வீடியோ எடிட்டரின் மனைவி.

எடிட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்றாவது தடவை!

நரைத்த தலை, கையில் பளபளவென்று புது மோதிரம். போன மாசம்தான் கல்யாணமாம். முதல் நாளே அவராகச் சொன்னார், அன்றிலிருந்து இந்தக் கடையில் அவர் பெயர் அதுதான்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. கை இன்னும் கலங்கலாத்தான் தெரியுது."

எடிட்டருக்குச் சுருக்கென்றது. "சார், ரெண்டு நிமிஷ வீடியோ. முந்நூறு எம்பி இருந்ததைப் பதினஞ்சுக்குக் கொண்டுவந்திருக்கேன். மூஞ்சி கண்ணாடி மாதிரி இருக்கு, பாருங்க!"

"மூஞ்சி கிடக்கட்டும் தம்பி. விரல் தெளிவா இருக்கணும்."

பக்கத்து கம்ப்யூட்டரிலிருந்து மனைவி முணுமுணுத்தாள். "மோதிரம் பளிச்சுனு தெரியணுமாம். இந்த வயசுல ஆசையைப் பாரு!"

அது அவர் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் மனுஷன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சைஸ் கூடினா பரவாயில்லையா?"

"ஐயோ, வேண்டாம். பொண்ணு ஹாஸ்டல்ல இருக்கா. அங்க நெட் கிடைக்கிறதே குதிரைக்கொம்பு, பெரிசா அனுப்பினா பாதியிலேயே நின்னுடுது. நாளைக்கு லீவு விடறாங்க, இன்னிக்குள்ள போய்ச் சேரலைன்னா லீவுக்கு வீட்டுக்கே வர மாட்டா தம்பி."

"சைஸும் குறையணும், குவாலிட்டியும் குறையக் கூடாதுன்னா நான் என்ன மந்திரமா போடறேன்? வினாடிக்கு முப்பது படம் ஓடினதைப் பத்தாக்கித்தான் இவ்வளவு குறைச்சேன். உக்காந்து பேசற வீடியோவுக்கு அது தாராளம். கை மட்டும் விட்டு விட்டுத் தெரியும், அவ்வளவுதானே? உங்க பொண்ணு பேச்சைக் கேக்கப் போறாளா, கையைப் பாக்கப் போறாளா?"

"கையைத்தான் தம்பி. அவளுக்குக் காது கேக்காது."

மனைவி சட்டென்று திரும்பினாள்.

"நான் கட்டிக்கிட்டவங்களோட பொண்ணு. 'அவருக்கு என் பாஷையே தெரியாது, அந்த வீட்டுல நான் யாரோட பேச'ன்னு கல்யாணத்துக்கே வரலை. அதான், ஒருத்தர்கிட்ட போய் அவ பாஷையைக் கத்துக்கிட்டு வர்றேன். லீவுக்கு வாம்மான்னு நானே கூப்பிட்டு அனுப்பினேன். ரெண்டு தடவையும் 'ஒண்ணும் புரியலை'ன்னு பதில் போட்டுட்டா."

இதுவரை முதல் சில நொடிகளை மட்டும் பார்த்திருந்த எடிட்டர், வீடியோவை முழுசாக ஓடவிட்டார். மடியில் கிடந்த பெரியவரின் கைகள் மெல்ல எழுந்தன. ஒரு விரல் தவறிற்று. நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார்.

மனைவி அதற்குள் எழுந்து வந்துவிட்டாள்.

"நகருங்க நீங்க. சவுண்டை மொத்தமா எடுத்துடலாம். பின்னாடி இருக்கிற சுவரையும் வெட்டிடலாம். மிச்சமாகிற இடம் எல்லாம் கைக்கே போகட்டும், முப்பது படமும் அப்படியே ஓடட்டும்." அவரிடம் திரும்பினாள். "ஐயா, நான் ஏதோ வாய்த்துடுக்கா பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"அட, விடும்மா. நானே இன்னும் தப்பும் தவறுமாத்தான் பேசறேன். என் கை குழறினாலும் அவ பொறுத்துக்குவா. வீடியோவும் சேர்ந்து குழறினா, பாவம், குழந்தை எப்படிம்மா புரிஞ்சுக்குவா?"