செவலையின் மணி

அந்த மணி என் கையில்தான் முதலில் சிக்க வேண்டும் என்று பக்கத்துப் பட்டி வீரமணிக்கு முன்னால் ஓடினேன்.

"ஏண்ணா இப்பிடி ஓடற? மணி என்னா எந்திரிச்சா ஓடிரும்?" என்று பின்னாலிருந்து கேட்டான்.

நான் நிற்கவில்லை.

ஓடையில் மாட்டு எலும்பு கிடப்பதாக, ஆடு மேய்க்கும் பச்சியப்பன் நேற்றுத்தான் வந்து சொன்னான். ஒரு கொம்பு மட்டும் கண்ணுக்கு நேராக வளைந்திருந்ததாம். அப்படியானால் செவலைதான். பட்டியில் நாற்பது மாட்டுக்கும் முன்னால் நடந்த மாடு. ஒரு வருசத்துக்கு முன்னால் காட்டில் தொலைந்தது.

அதைத் தேடிப் போன கலைவாணனை யானை அடித்துவிட்டது.

இன்றைக்கு அவனுக்கு முதல் வருசப் படையல்.

"மணியோட வாடா ஆண்டி" என்றார் என்னிடம் அவன் அப்பா சென்னப்பன். "அதைக் காட்டுப் பக்கம் பாத்து அடிச்சாத்தான் எம்பையன் சோறு திங்க வருவான்."

அந்தக் குடும்பத்தில் வழக்கம் அப்படி. இந்தக் காட்டோரத்தில் முள் வெட்டி முதல் மாட்டுப்பட்டி போட்டவர் கலைவாணனின் கொள்ளுத்தாத்தா. அவரிலிருந்து எல்லோரையும் முன்மாட்டு மணி அடித்துத்தான் படையலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்த மணி அடிக்காது. அதன் வாயில் நான் புல்லைத் திணித்திருக்கிறேன்.

காட்டில் மாடு மேய்க்கத் தடை. காட்டிலாகா வாட்சர் காதில் விழாமலிருக்க, போகும்போது மணிக்குள் புல்லைத் திணித்துத்தான் ஓட்டிப் போவோம். மாடு நடக்க நடக்கப் புல் காய்ந்து உதிரும். மதியத்துக்கு மேல் மணி பேச ஆரம்பிக்கும். சாயங்காலம் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் மாட்டைத் தேடுவோம்.

அவர்கள் பட்டியில் கூலிக்கு மாடு மேய்க்கும் எனக்குத்தான் எப்போதும் அந்த வேலை. அன்றைக்கு நான் பாலக்கோட்டுக்குத் தக்காளி லோடு ஏற்றப் போக வேண்டியிருந்தது. விடியும் முன்னே பட்டியிலேயே புல்லைத் திணித்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

கலைவாணன் தனியாக ஓட்டிப் போனான். ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது.

"அங்க மிசினுக்கெல்லாம் நம்பருண்ணா. இங்க ஒவ்வொரு மாட்டுக்கும் பேரு இருக்குது" என்பான். அந்த வீட்டில் என்னை அண்ணா என்றவன் அவன் ஒருத்தன்தான்.

அதற்கு முந்தின வாரம் வாட்சர்கள் பிடித்துப் போய் அவனை ஒரு பகல் முழுக்க உட்கார வைத்திருந்தார்கள். அவன் அம்மா ஜானகியம்மாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆபீஸ் கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

நான் பாலக்கோட்டுக்குப் போன அன்று சாயங்காலம் கலைவாணனிடமிருந்து போன் வந்தது.

"செவலையக் காணோம்ணா. மணிச் சத்தமே கேக்கல. இன்னும் கொஞ்சம் உள்ள போய்ப் பாக்கறேன்."

அதற்குப் பிறகு போன் வரவில்லை.

இறுக்கித் திணித்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கட்டை விரலால் குத்திக் குத்தித் திணித்தேன். ஒரு வருசமாகச் சோற்றில் விரல் வைக்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வருகிறது.

ஜானகியம்மாள் மட்டும் காலையில் கிளம்பும்போதுகூடச் சொன்னார். "அந்த மணி வேணாம் ஆண்டி. கெடக்கற எடத்துலயே கெடக்கட்டும்."

பெற்ற வயிறு தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எலும்புகள் ஓடை மணலில் சிதறிக் கிடந்தன. வளைந்த கொம்புக்குப் பக்கத்தில் மணி பாதி புதைந்திருந்தது. வீரமணி மேட்டிலிருந்து இறங்குவதற்குள் அதை எடுத்து, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உள்ளே விரலை விட்டேன்.

புல் இல்லை.

துணி.

மணியின் நாக்கைச் சுற்றிச் சுற்றி நூலால் முடிச்சுப் போட்டிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். குட்டைத் தண்ணீரில் அலசினேன். மண் கரைந்ததும் மஞ்சள் தெரிந்தது. பிறகு சிவப்புக் கட்டம் போட்ட கரை.

ஜானகியம்மாள் பால் பீய்ச்சும்போது கட்டும் சேலை.

நான் பஸ் ஏறிய பிறகு புல்லை எடுத்துவிட்டு இதைக் கட்டியிருக்கிறார். புல்லை நம்பாமல். மகனை மறுபடி யாரும் பிடித்துப் போகக் கூடாது என்று.

புல் உதிரும். இது உதிராது.

வீரமணி வருவதற்குள் துணியை லுங்கி மடியில் சொருகிக்கொண்டேன்.

வாசலில் இலை போட்டுப் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். சென்னப்பன் மணியை வாங்கித் துடைத்து, காட்டைப் பார்த்து நின்று அடித்தார்.

கணீரென்று கேட்டது. கட்டுத்தறியில் நின்ற மாடுகள் எல்லாம் தலையைத் தூக்கின.

அவர் கை பாதியில் நின்றது. மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தானேடா கேக்குது" என்றார். "எம்பையனுக்கு மட்டும் ஏன்டா கேக்கல?"



ஜானகியம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணியை அவர் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார், பிறகு ஈரம் ஊறிய என் மடியைப் பார்த்தார். உதடு பிரிந்தது.

"அது நாந்தான்..."

"நாந்தானுங்க" என்றேன், அவரை முந்திக்கொண்டு. "நாந்தானுங்க புல்லை அடைச்சேன். வாட்சருக்குப் பயந்து இறுக்கி அடைச்சிட்டேன். இப்பதான் ஓடையில நோண்டி எடுத்துப் போட்டுட்டு வர்றேன்."

சென்னப்பன் மணியோடு என் மேல் பாய்ந்தார்.

அடி விழுந்தபோது நான் முகத்தை மறைக்கவில்லை. இரண்டு கையாலும் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.